தளராத் தாள்

தமிழில் 'தாள்' என்னும் சொல்லுக்குக் கால் என்பது ஒரு பொருள். முயற்சி என்பது மற்றொரு பொருள். 'தாளாண்மை' என்னும் அரிய சொல் அம்முயற்சிப் பொருளினின்று பிறந்ததே. காலும் முயற்சியும் ஒரே சொல்லுள் அடங்கியிருத்தல் எண்ணி மகிழத்தக்கது. ஆயினும், அவ்விரண்டும் எக்காலத்தும் ஒத்து நடப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கால் தளர்கின்றது. அதனோடு முயற்சியும் தளர்ந்தே தீர வேண்டுமோ? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் சிலர் உளர். முதுமையிலும் பந்தயங்களில் ஓடிய நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களே அவர்கள்.

பாடுவோரும் எழுதுவோரும் வாணிகம் செய்வோரும் முதுமையின் இழப்பை அனுபவத்தால் ஓரளவு ஈடு செய்துகொள்வர். ஓட்டக்காரர்க்கு அவ்வாய்ப்பு மிகக் குறைவு. அவருடைய ஆற்றலை அளப்பது கடிகாரம். அது முகமன் கூறுவதில்லை. இதயத்தின் உச்சத் துடிப்பு வயது ஏற ஏற, ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு துடிப்பாகக் குறைந்து வருகின்றது. மூச்சில் உட்கொள்ளும் பிராணவாயுவைத் தசைகள் பயன்படுத்தும் அளவும் சிறுகச் சிறுகக் குறைகின்றது. தசைகள் மெலிகின்றன. ஓடிய களைப்பு ஓர் இரவில் நீங்கியது போய், நீங்கப் பல நாள்கள் வேண்டியதாகின்றது. எத்துணை உழைத்தாலும் சென்ற ஆண்டினும் இவ்வாண்டு நேரம் சற்றுக் கூடுதலாகவே ஆகும் என்பது திண்ணம். ஊதியமும் இல்லை, வெற்றியும் அரிது. இந்நிலையில் ஒருவரைத் தொடர்ந்து ஓடச் செய்வது யாது? இதனை அறியச் சிலருடைய வரலாறுகளைக் காண்போம்.

மாரத்தான் என்பது 26 மைல் 385 கஜம், அஃதாவது 42.195 கிலோமீட்டர் தொலைவு ஓடும் பந்தயம். அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பாஸ்டன் நகரில் 1897-ஆம் ஆண்டில் தொடங்கிய மாரத்தான் உலகப் புகழ் வாய்ந்தது. 1986-ஆம் ஆண்டு வரை அங்கு வென்றவர்க்குப் பணப் பரிசு வழங்கப்பட்டதில்லை. ஓடியவருள் பெரும்பாலோர் பகலில் ஒரு தொழில் செய்து பிழைத்து, எஞ்சிய நேரத்தில் பயிற்சி செய்தவரே.

அச்சுக்கோப்பவர் டிமார்

கிளாரென்ஸ் டிமார் 1888-ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமையுற்ற தாயார், பாஸ்டன் துறைமுகத்தை அடுத்த தாம்சன் தீவில் எளிய சிறுவர்க்கென நடந்த பள்ளியொன்றில் அவரைச் சேர்த்தார். அங்குக் கல்வியோடு கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டது. பின்னர், வெர்மாண்ட் மாநிலத்தில் பண்ணை வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் அவர் ஓட்டத்தில் ஈடுபட்டார். குடும்பத்தைத் தாங்கும் பொருட்டு அச்சகத் தொழிலாளரானார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் அச்சுக்கோப்பு வேலை அவருடையது.

பயிற்சிக்கெனத் தனியே நேரம் ஒதுக்க அவரால் இயலவில்லை. ஆதலின், வேலைக்குச் செல்லும் வழியையே பயிற்சிக் களமாக்கிக்கொண்டார். உலர்ந்த சட்டையொன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு அச்சகத்திற்கு ஓடிச் செல்வார். பணி முடிந்தபின் ஓடியே வீடு திரும்புவார். பிறர் வண்டிக் கூலிக்குச் செலவிட்ட பொழுதை அவர் தம் கால்களை வலுப்படுத்தச் செலவிட்டார். ஓட்டம் அவர்க்கு வாழ்வினின்று பிரிந்த தனி வேலையன்று. உண்பது போலவும் உறங்குவது போலவும் அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாயிற்று.

1911-ஆம் ஆண்டு பாஸ்டன் பந்தயத்திற்கு முன்பு, மருத்துவர்கள் ஓட்டக்காரர்களின் உடல்நிலையை ஆய்ந்தனர். டிமாரின் இதயத்தில் ஒரு முணுமுணுப்பு ஒலி கேட்டது. களைப்புத் தோன்றின் இடையிலேயே நின்றுவிட வேண்டும் என்றும், இப்பந்தயத்திற்குப் பின்னர் ஓட்டத்தைக் கைவிடுதல் நலம் என்றும் அவர்க்கு அறிவுரை கூறப்பட்டது. கடும் ஓட்டம் இதயத்தைப் பழுதாக்கும் என்பது அந்நாளில் மருத்துவர் பலரும் கொண்டிருந்த கருத்து. டிமார் அன்று ஓடினார், முதல்வராக வந்தார். அப்போது அவர்க்கு வயது 22.

அவ்வெற்றிக்குப் பின்னர் அவர் தொடர்ந்து வாகை சூடியிருத்தல் கூடும் என்று நாம் எண்ணுவோம். ஆனால், அவரது அடுத்த பாஸ்டன் வெற்றிக்குப் பதினோர் ஆண்டுகள் ஆயின. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் 12-ஆம் இடமே பெற்றார். மருத்துவர் கூறிய எச்சரிக்கை அவர் உள்ளத்தில் இருந்தது. தொழிலும் கல்வியும் சமயப் பணியும் அவர் நேரத்தைக் கொண்டன. 1917-இல் பாஸ்டனில் ஓடி மூன்றாமவராக வந்தார். பிறகு உலகப் போர் குறுக்கிட்டது. ஓட்டக்காரர் ஒருவரின் சிறந்த ஆண்டுகள் எனக் கருதப்படும் காலம் இவ்வாறு பெரும்பாலும் கழிந்தது.

அவர் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1922-இல், தம் 33-ஆம் வயதில், டிமார் மீண்டும் பாஸ்டனில் வென்றார். 1923-இலும் வென்றார், 1924-இலும் வென்றார். அதே 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் மூன்றாம் இடம் பெற்று வெண்கலப் பதக்கம் ஏந்தினார். அப்பொழுது வயது 36. பின்னும் 1927, 1928, 1930 ஆகிய ஆண்டுகளில் பாஸ்டன் பந்தயம் அவருடையதாயிற்று. ஏழாவது வெற்றியைப் பெற்றபோது அவர்க்கு வயது 41. பாஸ்டன் மாரத்தானின் ஆடவர் பந்தயத்தில் அத்துணை முதிய வயதில் முதல்வராக வந்தவர் வேறு எவரும் இன்றுவரை இலர்.

இவற்றினும் வியக்கத்தக்கது அதன் பின்னர் அவர் செய்தது. இனி வெல்ல இயலாது என்பது தெளிவான பின்னும் அவர் ஓட்டத்தை விடவில்லை. நியூஹாம்ஷயர் மாநிலத்துக் கீன் நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியொன்றில் அச்சுக்கலை கற்பித்தார். 1937-இல் தம் ஓட்ட வாழ்வைக் குறித்து நூல் ஒன்று வெளியிட்டார். முதல்வராக வந்தவர் பத்தாமவராக வருவதற்கும், பின்னர் ஐம்பதாமவராக வருவதற்கும் நாணவில்லை. 1954-ஆம் ஆண்டு, தம் 65-ஆம் வயதில், பாஸ்டன் மாரத்தானைக் கடைசி முறையாக ஓடி முடித்தார். தாம் ஏழு முறை முதல்வராக வந்த அதே பந்தயத்தில், எழுபத்தேழு பேர் தமக்கு முன்னே சென்று முடிக்க, எழுபத்தெட்டாமவராக அவர் இலக்கை அடைந்தார். வெற்றியையே நாடி ஓடியவராயின் அந்நாள் அவர்க்கு இழிவாகத் தோன்றியிருக்கும். ஓட்டத்தை நாடி ஓடியவர் ஆதலின் அஃது அவர்க்கு மற்றுமோர் ஓட்ட நாளாயிற்று.

1958-ஆம் ஆண்டு டிமார் புற்றுநோயால் மறைந்தார். மறைந்தபின் மருத்துவர்கள் அவர் இதயத்தை ஆய்ந்தனர். அவ்வாய்வில் பங்கு கொண்டவருள் ஒருவர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர்க்கு மாரடைப்பு நேர்ந்தபோது மருத்துவம் செய்த பால் டட்லி ஒயிட் ஆவார். ஆய்வின் முடிவு 1961-இல் வெளிவந்தது. டிமாரின் இதயத்திற்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகள், இயல்பான அளவைப் போல இரு மடங்கும் மும்மடங்கும் அகன்றிருந்தன. ஓடினால் கெடும் என்று ஐயுறப்பட்ட இதயம் அரை நூற்றாண்டுக் காலம் ஓட்டத்தைத் தாங்கியது. அவ்வகற்சி ஓட்டத்தால் வந்ததோ, பிறவியிலேயே அமைந்ததோ என்பதை ஒரே மனிதரைக் கொண்டு முடிவு செய்தல் இயலாது. அன்றியும், இதய நோயுடையார் மருத்துவர் சொல்லைப் புறக்கணித்து ஓடலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகாது. எனினும், கடும் ஓட்டம் எல்லா இதயத்தையும் அழிக்கும் என்னும் பழைய அச்சம் அகல அவ்வாய்வு துணை செய்தது.

கைகோத்த இரு சிலைகள்

டிமார்க்குப் பின் பாஸ்டன் மக்களின் அன்பைக் கவர்ந்தவர் ஜான் கெல்லி. இவர் 1907-இல் பிறந்தவர். மின்சார நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். 1928-ஆம் ஆண்டு முதன்முறையாகப் பாஸ்டன் பந்தயத்தில் ஓடத் தொடங்கினார்; ஆனால், முடிக்க இயலாமல் இடையே நின்றுவிட்டார். 1932-இலும் அவ்வாறே நேர்ந்தது. இருமுறை தோற்றவர் என்று உலகம் அவரை மறந்திருக்கலாம். அவர் மீண்டும் மீண்டும் வந்தார். 1935-இல் வென்றார், பத்தாண்டுகள் கழித்து, 1945-இல், 37 வயதில் மீண்டும் வென்றார். இரண்டாம் இடத்தை ஏழு முறை பெற்றார். வெற்றி இரண்டு, இரண்டாம் இடம் ஏழு என்னும் கணக்கே அவர் உள்ளத்தின் உறுதியைக் காட்டும். முதற்பரிசு கைக்கெட்டும் தொலைவில் நழுவுவதைக் காட்டிலும் ஊக்கத்தைக் குலைப்பது வேறில்லை. ஏழு முறை அது நழுவியும் அவர் குலையவில்லை.

கெல்லி பாஸ்டன் மாரத்தானில் மொத்தம் 61 முறை ஓடத் தொடங்கி, 58 முறை ஓடி முடித்தார். கடைசி முறை ஓடியது 1992-இல். அப்போது வயது 84. அப்பாதையில் நியூட்டன் என்னும் ஊர்ப்பகுதியில் ஓட்டக்காரர்களை வாட்டும் குன்றுகள் சில உள்ளன. அவற்றுள் கடைசிக் குன்று, நெஞ்சுடைக்கும் குன்று என்னும் பொருள்படும் பெயர் பெற்றது. அதன் அருகே 1993-இல் கெல்லிக்குச் சிலை நாட்டினர். அஃது ஓர் உருவம் அன்று; ஈருருவம். 1935-இல் வென்ற இளைஞர் கெல்லியும், எண்பது வயது கடந்த முதியவர் கெல்லியும் கைகோத்து ஓடுவதாக அது வடிக்கப்பட்டுள்ளது.

அச்சிலையை நோக்குவார்க்கு ஒரு கருத்துத் தோன்றாமற் போகாது. முதுமையில் பலர் தம் இளமையைப் பகைவனாகக் கருதுகின்றனர். அன்று இவ்வாறு இருந்தேனே, இன்று இவ்வாறு ஆனேனே என்று ஒப்பிட்டு வருந்துகின்றனர். கெல்லியின் சிலையில் இளமையும் முதுமையும் போட்டியிடவில்லை, கைகோத்துச் செல்கின்றன.

கல்லறைத் தோட்டத்து ஓட்டம்

எட் விட்லாக் என்பார் 1931-இல் இங்கிலாந்தில் இலண்டன் நகரை அடுத்துப் பிறந்தார். மாணவப் பருவத்தில் நன்கு ஓடினார். சுரங்கப் பொறியியல் கற்று, தொழிலின் பொருட்டுக் கனடா நாட்டிற்குச் சென்றார். அங்குச் சென்றபின் ஓட்டத்தை அடியோடு விட்டுவிட்டார். நாற்பது வயதைக் கடந்த பின்னரே மீண்டும் ஓடத் தொடங்கினார். மாரத்தான் ஓடும் எண்ணமே அவர்க்கு இருந்ததில்லை. பதினான்கு வயதினனாகிய இளைய மகன் மாரத்தான் ஓட விரும்பியபோது, அவனைத் தனியே விட மனமின்றி உடன் ஓடினார். மகனுக்குத் துணையாகச் சென்ற தந்தையையே அப்பந்தயம் பற்றிக்கொண்டது. தம் 48-ஆம் வயதில் அவர் 2 மணி 31 நிமிடம் 23 நொடியில் மாரத்தானை ஓடி முடித்தார்.

எழுபது வயதைக் கடந்த எவரும் மூன்று மணி நேரத்திற்குள் மாரத்தானை ஓடியதில்லை. அதனை முதன்முதலாகச் செய்வதென விட்லாக் உறுதி கொண்டார். 2001-இல், எழுபதாம் வயதில், முயன்றார். அரை நிமிடத்திற்கும் குறைவான நேரத்தால் தவறினார். பின்னர் முழங்கால் வலி அவரை வருத்தியது. மற்றொருவராயின், அணுகிவிட்டோமே, இதுபோதும் என்று அமைந்திருப்பர். வயதும் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே இருந்தது. காத்திருத்தல் அவர்க்கு எதிராகவே வேலை செய்தது. ஆயினும் அவர் வலி நீங்கும் வரை பொறுத்திருந்து, மீண்டும் பயிற்சி தொடங்கினார். 2003-ஆம் ஆண்டு டொராண்டோ நகரில், 72-ஆம் வயதில், 2 மணி 59 நிமிடம் 10 நொடியில் ஓடினார். அடுத்த ஆண்டு, 73-ஆம் வயதில், 2 மணி 54 நிமிடம் 48 நொடியில் முடித்தார். ஒரு கிலோமீட்டரை ஏறத்தாழ 4 நிமிடம் 9 நொடியில் கடந்து, அவ்வாறே 42 கிலோமீட்டரும் ஓடினார் என்பது இதன் பொருள். பின்னாளில் வந்தோர் அவ்வளவையும் கடந்தனர். எனினும், இயலும் என்று முதலில் காட்டியவர் அவரே.

விட்லாக் பயிற்சி செய்த இடம் மில்டன் என்னும் ஊரில் தம் வீட்டிற்கு அருகே இருந்த கல்லறைத் தோட்டம். அதன் சிறிய பாதையைச் சுற்றிச் சுற்றி, சில நாள்களில் மூன்று மணி நேரம் வரை, ஓடுவார். அங்கு வண்டிகளின் தொல்லை இல்லை; எதிர்காற்று நெடுநேரம் வருத்தாது; காலில் வலி தோன்றினால் வீடு அண்மையில் இருந்தது. பயிற்சியாளர் எவரும் அவர்க்கு இலர். சிறப்பு உணவு முறையும் இல்லை. பழைய சட்டையும் தேய்ந்த காலணியும் அணிந்தே ஓடினார்.

அவர் ஊக்கத்தின் இரகசியம் யாது எனப் பலர் வினவினர். ஓடுவதில் பேரின்பம் காண்பதாக அவர் கூறுவார் என எதிர்பார்த்தவர் ஏமாந்தனர். அன்றாடப் பயிற்சி சலிப்பூட்டும் வேலையே என்று அவர் ஒளிவு மறைவின்றி ஒப்புக்கொண்டார். உடல்நலத்திற்காகவோ நீண்ட ஆயுளுக்காகவோ ஓடவில்லை என்றும் சொன்னார். பந்தயத்தில் நன்கு ஓடுவதும், சாதனை நிகழ்த்துவதும், அதனால் வரும் பாராட்டுமே தமக்கு விருப்பமானவை என்றார். அவ்விருப்பத்திற்கு விலை அந்தச் சலிப்பு. விலையைக் கொடுக்க அவர் அஞ்சவில்லை. விரும்பும்போது மட்டும் உழைப்பவர் பலர். விருப்பமில்லாத நாளிலும் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றதே விட்லாக்கின் பெருமை.

2016-ஆம் ஆண்டு, 85-ஆம் வயதில், அவர் டொராண்டோ மாரத்தானை 3 மணி 56 நிமிடம் 34 நொடியில் முடித்தார். அவ்வயதில் நான்கு மணி நேரத்திற்குள் அதனை ஓடிய முதல் மனிதர் அவரே. அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் புற்றுநோயால் மறைந்தார்.

அவர் நேரங்களை வரிசைப்படுத்தினால் முதுமையின் இயல்பு தெளிவாக விளங்கும். 48 வயதிலிருந்து 73 வயது வரை, இருபத்தைந்து ஆண்டுகளில், அவர் இழந்த நேரம் 23 நிமிடம் 25 நொடியே. 73-லிருந்து 85 வரை, பன்னிரண்டே ஆண்டுகளில், இழந்த நேரம் ஒரு மணிக்கும் மேல். முதுமை முதலில் மெல்ல நடந்து வருகின்றது. பின்னர் ஓடி வருகின்றது. உலகில் சிறந்த முயற்சியாளராலும் அதனை நிறுத்த இயலவில்லை. சிறிது பிற்படுத்தவே இயன்றது.

துயரை வென்ற ஓட்டம்

ஊக்கத்தின் ஊற்று எல்லார்க்கும் ஒன்றன்று. ஃபௌஜா சிங் பஞ்சாபில் ஜலந்தர் அருகே பியாஸ் பிண்டு என்னும் சிற்றூரில் பிறந்த உழவர். அவரது கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1911 எனக் குறிக்கப்பட்டிருந்தது; பிறப்புச் சான்று இன்மையால் சாதனை நூலார் அவர் வயதை ஏற்றுப் பதியவில்லை. மனைவியையும் பின்னர் மகன் ஒருவரையும் இழந்து ஆறாத் துயருற்ற அவர், இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் ஓட்டத்தைத் துணையாகக் கொண்டார். 2000-ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தானில் ஓடியபோது அவர்க்கு 89 வயது என்பர். விட்லாக் மூன்று மணிக்குள் ஓடி வென்ற அதே 2003-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் இவரும் ஓடி, 5 மணி 40 நிமிடத்தில் முடித்தார். 2011-இல் அதே நகரில், நூறு வயதினராக, 8 மணி 11 நிமிடத்தில் இலக்கை அடைந்தார். 2025-ஆம் ஆண்டு, தம் சிற்றூரில் நடந்து செல்கையில் வண்டி மோதி உயிர் நீத்தார். மூன்று மணியும் எட்டு மணியும் ஒன்றல்ல. ஆனால், சாதனைக்காக ஓடியவரையும் துயர் ஆற்ற ஓடியவரையும் ஒரே பாதை ஏற்றுக்கொண்டது.

பெண்டிர்க்கோ இப்பாதை நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தது. பாஸ்டன் பந்தயத்தில் மகளிர் முறையாகச் சேர்க்கப்பட்டது 1972-இல்தான். ஒலிம்பிக்கில் மகளிர் மாரத்தான் 1984-இல்தான் இடம்பெற்றது. இளமையில் வாய்ப்பில்லாதார் முதுமையில் தொடங்கலாம் என்பதற்குப் பஞ்சாபின் மான் கௌர் சான்றாவார். 1916-இல் பிறந்த இவ்வம்மையார் 93-ஆம் வயதில், மகன் தூண்ட, விளையாட்டுப் பயிற்சி தொடங்கினார். 2017-இல் நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்து நகரில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டுகளில், 101-ஆம் வயதில், நூறு மீட்டர் தொலைவை 74 நொடியில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். அவர் வயதுப் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவரே. ஆகவே, அவர் போட்டியிட்டது பிறரோடு அன்று. தம் முந்தைய நேரத்தோடுதான்.

அளவுகோல் மாறுதல்

முதிய ஓட்டக்காரர் ஊக்கம் இழப்பது பெரும்பாலும் கால் தளர்வதால் அன்று. தவறான அளவுகோலைக் கைக்கொள்வதால்தான். இருபத்தைந்து வயதின் நேரத்தை அறுபத்தைந்து வயதில் தேடுவோர் ஒவ்வொரு நாளும் தோல்வியே காண்பர். இதனை உணர்ந்து, மூத்தோர் பந்தயங்களில் ஐந்தாண்டிற்கு ஒரு பிரிவாக வகுத்துள்ளனர். மூத்தோர்க்கான முதல் உலகத் தடகளப் போட்டி 1975-இல் டொராண்டோவில் நடைபெற்றது. இம்முறையில் ஒரு புதுமை உண்டு. மற்றையோர் பிறந்தநாளில் ஒரு வயது கூடியதே என வருந்துவர்; மூத்த ஓட்டக்காரரோ எழுபதாம் பிறந்தநாளை எதிர்நோக்கிக் காத்திருப்பார். அன்று அவர் தம் புதிய பிரிவில் மிக இளையவர் ஆகின்றார் அன்றோ?

ஒவ்வொரு வயதிலும் மனிதர் எய்திய சிறந்த நேரத்தைக் கொண்டு, ஒருவரது ஓட்டத்தை மதிப்பிடும் அட்டவணைகளும் உள்ளன. அவற்றின்படி நோக்கினால், கடிகாரத்தில் பின்தங்கிய முதியவர் தகுதியில் இளைஞர் பலரினும் முன்னிற்கக் காணலாம். இஃது ஏமாற்று அன்று. சுமையின் எடையை அறியாமல் சுமப்பவனின் வலிமையை அளத்தல் முறையாகாது. ஆண்டுகளும் ஒரு சுமையே.

இவ்வரலாறுகளை ஒருங்கே நோக்கினால் சில உண்மைகள் புலனாகும். டிமார் ஓட்டத்தை அன்றாடக் கடமையோடு பிணைத்தார். கெல்லி தோல்வியை வழக்கமாக ஏற்று மீண்டும் வந்தார். விட்லாக் தெளிவான குறிக்கோள் ஒன்றைக் கொண்டு, சலிப்பைப் பொறுத்தார். வலி வந்தபோது அதனோடு மல்லாடாமல் ஆறும் வரை காத்திருந்தார். அவர்கள் தொடங்கிய காரணங்கள் வேறு. தொடர்ந்த முறை ஒன்றே. நாள்தோறும் எழும் விருப்பத்தை நம்பி அவர்கள் இருக்கவில்லை. விருப்பம் நீர்க்குமிழி போல்வது; தோன்றும், மறையும். பழக்கமோ கிணற்று நீர் போல்வது. நாள்தோறும் இறைக்க இறைக்க ஊறும்.

வள்ளுவர் 'ஊக்கமுடைமை' என ஓர் அதிகாரமும், 'ஆள்வினையுடைமை' என ஓர் அதிகாரமும் வகுத்தார். அவ்விரண்டிற்கும் இடையே 'மடியின்மை'யை வைத்தார். ஊக்கம் உள்ளத்தில் எழுவது. ஆள்வினை செயலில் விளங்குவது. உள்ளத்தில் எழுந்தது செயலாகுமுன் சோம்பலைக் கடந்தாக வேண்டும். அதிகாலைக் குளிரில் படுக்கையினின்று எழும் முதியவர் நாள்தோறும் கடக்கும் இடைவெளி அதுவே. அந்த ஓரடியைக் கடந்தவர்க்கு 26 மைலும் அதன் பின்னர் வருவனவே.

இளையோர்க்குக் கால் வலிமை இயற்கையின் கொடை. அக்கொடை ஒருநாள் திருப்பி வாங்கப்படும். அதனை எவரும் தடுத்தல் இயலாது. ஆனால், இளமையில் தேடிக்கொண்ட நற்பழக்கத்தை முதுமை எளிதில் பறித்துக்கொள்வதில்லை. ஓட்டத்திற்கு மட்டுமன்றிக் கல்விக்கும் தொழிலுக்கும் தொண்டிற்கும் இவ்வுண்மை பொருந்தும். முதல்வராக வருதல் சிலர்க்கே, அதுவும் சில நாளே, வாய்க்கும். எழுபத்தெட்டாமவராக வந்தபோதும் மகிழ்வோடு இலக்கை அடையும் மனம் முயன்றார் யாவர்க்கும், எந்நாளும், வாய்க்கும். கால் தளரும், தாளாண்மை தளர வேண்டுவதில்லை.

வினாக்கள்

1. 'தாள்' என்னும் சொல்லின் இரு பொருள்கள் இப்பாடத்தின் கருத்தோடு எவ்வாறு பொருந்துகின்றன?
2. டிமார் தம் பயிற்சியை அன்றாடத் தொழிலோடு இணைத்த முறையை விளக்குக.
3. டிமாரின் இதய ஆய்விலிருந்து கொள்ளத்தக்க முடிவு யாது? கொள்ளத்தகாத முடிவு யாது?
4. விட்லாக் 48, 73, 85 ஆகிய வயதுகளில் ஓடிய நேரங்களை ஒப்பிட்டு, அவற்றால் அறியப்படுவதை எழுதுக.
5. "ஆண்டுகளும் ஒரு சுமையே" என்னும் கூற்றை உம் ஊரில் முதுமையிலும் உழைக்கும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குக.